மண்ணெண்ணெயில் பழகிய இடது கால்

எழுபதைத் தாண்டி, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டிய வயது எனக்கு. போன மாதம் வந்த புது அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். கார்ப் படம் போட்ட வரிசையின் கடைசிக் கட்டத்தில் 78 என்ற இலக்கம் இருந்தது. ஓட்டோமற்றிக் வாகனம் மட்டும்தான் ஓட்டலாம் என்பதற்கான இலக்கம் அது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு இடது முழங்கால் ஒழுங்காக மடிவதில்லை என்று விண்ணப்பத்தில் நானேதான் எழுதினேன். அவர்களும் ஒழுங்காகப் பதிந்துவிட்டார்கள். முறையிட இடமில்லை. ஆனால் அந்த முழங்கால் எப்படிப் போனது? இருபத்தாறு வருடங்கள் தென்மேற்கு லண்டன் தெருக்களில், சாரதிப் பயிற்றுநருக்கென்று பக்கத்து இருக்கைக்கடியில் பொருத்திய இரண்டாவது கிளச்சை மிதித்து மிதித்துப் போனது. மற்றவர்களின் அட்டைகளில் அந்த 78 ஏறாமல் பார்ப்பதற்காகவும், ஏறியதை எடுப்பதற்காகவும் மிதித்தேன்.

தமிழ்ப் பயிற்றுநர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. வாய் சும்மா இராமல் அதில் சொல்லிவிட்டேன். ஒருவர் உடனே போட்டார்: "மாஸ்ரருக்கும் எழுபத்தெட்டோ? இனி எங்கடை ஆள்." அதற்குக் கீழே பதினொரு சிரிப்புப் படங்கள். எண்ணிப் பார்த்தேன். அந்தப் பதினொரு பேரில் எட்டுப் பேரின் காரில் கிளச்சே கிடையாது. பிறகு ஒருத்தி, நல்ல பிள்ளை, "பகிடியை விடுங்கோ. மாஸ்ரர், அந்தக் காலத்துக் கதை ஏதும் எழுதுங்கோவன்" என்றாள். அந்தக் காலமாம். நான் ஓய்வு பெற்று நாலு வருடம்தான் ஆகிறது.

சரி, எழுதுகிறேன். பயிற்றுநர் ஆன கதையை நீட்டத் தேவையில்லை. ஊரில் கணிதம் படித்தவன். போர் முற்றுவதற்கு முன்பே லண்டனுக்கு வந்து, கோலியர்ஸ் வுட்டில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவில் வேலை செய்துகொண்டு பயிற்றுநருக்கான மூன்று சோதனைகளையும் எடுத்தேன். முதல் இரண்டும் ஒரே தடவையில் சரி வந்தன. மூன்றாவது இரண்டாம் தடவைதான். அதன் பிறகு நம்மவர் ஒருவரின் சாரதிப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கேயே கடைசிவரை கிடந்தேன்.

முதலாளி பெயர் கிருபாகரன். என்னைவிட ஒன்பது வயது இளையவர். ஆனால் எழுபது வயதுக்காரரும் அவரைக் கிருபாண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். டூட்டிங்கில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். படி ஏறி வருபவரை வாசலுக்கே வந்து கூட்டிப்போய், தன் கதிரையில் இருத்தி, தான் எதிரே சின்ன ஸ்டூலில் குந்துவார். பேச்சு எப்போதும் மெல்லிய குரலில். வந்தவர் ஒன்றைக் கேட்டால் அதற்கு மறுமொழியாகத் தானும் ஒரு கேள்வியைக் கேட்பார். இல்லை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பொய் சொல்லியும் கேட்டதில்லை. அதுதான் அவருடைய கெட்டித்தனம்.

ஓட்டோமற்றிக் கார்கள் நாலை அவர் ஒரேயடியாக வாங்கிவிட்ட பிறகு, அந்த மேல்மாடியில் அடிக்கடி கேட்ட கேள்வி இது:

"ஓட்டோவிலை பாஸ் பண்ணினா, பிறகு மனுவலுக்கு மாத்தலாமோ அண்ணை?"

கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றுவார். கழுத்துப்பட்டியின் நுனியால் துடைப்பார். துடைத்து முடித்துப் போட்டுக்கொண்டு, முன்னால் சாய்ந்து, வைத்தியர் மாதிரிச் சொல்வார்:

"ஏன் ஏலாது?"

அவ்வளவுதான். அடுத்த வசனம், "நீங்கள் ஊரிலை எவடம்?"

ஏலும்தான். ஆனால் எப்படி ஏலும் என்பதை அவர் சொல்வதில்லை. சட்டத்தில் மர்மம் ஒன்றும் கிடையாது. கியர் மாற்றி ஓட்டும் மனுவல் காரில் சித்தியடைந்தால் இரண்டு வகையையும் ஓட்டலாம். ஓட்டோமற்றிக்கில் சித்தியடைந்தால் அது மட்டும்தான். மாற வேண்டுமென்றால் எழுத்துச் சோதனையை விட்டுவிடுவார்கள், ஆனால் வீதிச் சோதனையை முதலிலிருந்து முழுவதுமாகச் செய்ய வேண்டும். அதுவரைக்கும் மனுவல் காரில் நீங்கள் பழகுபவர்தான். முன்னும் பின்னும் சிவப்பு எல் எழுத்து ஒட்ட வேண்டும், பக்கத்தில் தகுதியான ஓராள் இருக்க வேண்டும். நாலைந்து வசனத்தில் முடிகிற விசயம். அந்த வசனங்கள் சொல்லப்படாத இடத்தில் எங்கள் சனம் தானாக ஒரு சட்டத்தை முளைக்க வைத்தது: இரண்டு வருடம் பிழையில்லாமல் ஓட்டினால் ஓட்டோமற்றிக் லைசென்ஸ் தன்பாட்டில் மனுவலாக மாறிவிடும். புதுச் சாரதிகளுக்கு முதல் இரண்டு வருடங்கள் கண்காணிப்புக் காலம் என்று ஒன்று உண்டு. அதையும் இதையும் போட்டுக் குழைத்து, கோயில் அன்னதான வரிசையில் பரிமாறினார்கள். "எங்கடை மச்சானுக்கு மாறினது" என்று சத்தியம் செய்தவர்கள் ஏழு பேரை எனக்குத் தெரியும். அந்த மச்சான்மாரில் ஒருவரையும் நான் கண்டதில்லை.

இப்படி நம்பியவர்களில் ஒருவர்தான் நாகேந்திரம்.

முதல்முறை அவர் வந்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வருடங்கள் வாடகை வான் ஓட்டியவர். லண்டனுக்குப் பிந்தி வந்தவர். ஊர் லைசென்ஸ் இங்கே ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அது முடிந்துவிட்டதால் சோதனைக்கு வந்திருந்தார். இவர் மனுவலில்தான் போகவேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"ஏன் மாஸ்ரர், மனுசன் கெதியாய்ப் பாஸ் பண்ணட்டுமன். குடும்பக்காரன் எல்லே?"

"பத்தொன்பது வருசம் கியர் போட்ட ஆளை ஓட்டோவிலை ஏத்துறதோ?"

"பிறகு மாத்தட்டும். ஏன் ஏலாது?"

புதுக் கார்கள் சும்மா நின்றன. நாகேந்திரம் ஏற்றப்பட்டார். இல்லாத கிளச்சைத் தேடித் துழாவும் இடது காலை இருக்கையோடு ஒட்டி வைக்கப் பழகுவதே அவருக்குப் பெரிய பாடமாக இருந்தது. பழகினார், சித்தியடைந்தார். கிருபாகரன் அவரைக் காரோடு நிறுத்திப் படம் எடுத்தார்.

நாலு வருடம் கழித்துத்தான் விசயம் வெளித்தது. நாகேந்திரம் வேலை செய்த பெற்றோல் நிலையம் கைமாறி, அவருக்கு வேலை போனது. மிச்சம் என்ற ஊர்ப் பக்கத்துக் கடைகளுக்குப் பேக்கரிப் பாண் விநியோகிக்கும் ஒரு கொம்பனியில் வான் ஓட்ட ஆள் தேடினார்கள். வான்கள் எல்லாம் மனுவல். நேர்முகத்தில் லைசென்ஸை வாங்கிப் பார்த்த அதிகாரி அட்டையைத் திருப்பி, 78 மேல் விரலை வைத்தார். நாகேந்திரத்துக்கு முதலில் விளங்கவில்லையாம். தன் வயதை விசாரிக்கிறார் என்று நினைத்து, "இல்லை, ஐம்பத்தாறுதான்" என்றாராம். அந்த மனிதர் நல்லவர். இன்னொரு சாரதி ஓய்வு பெறப்போவதாகவும், அந்த இடத்தை இவருக்கு வைத்திருப்பதாகவும், அதற்குள் மாற்றிக்கொண்டு வரும்படியும் சொல்லி அனுப்பினார். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. வேலையில்லாத தகப்பனாக மணவறைக்குப் பக்கத்தில் நிற்க அவருக்கு மனமில்லை. அதனால் அந்த வேலை அவருக்கு வேண்டும். அதற்கு மனுவல் லைசென்ஸ் வேண்டும். இவ்வளவுதான் வழக்கு.

நான் படியேறிப் போய்க் கேட்டேன்.

"மாத்தலாம் எண்டு அவருக்குச் சொன்னனீங்களோ?"

"மாத்தலாம்தானே, மாஸ்ரர்."

"இன்னொரு முழுச் சோதனை இருக்கெண்டு சொன்னனீங்களோ?"

"அவர் அதைக் கேக்கேல்லையே" என்று கண்ணாடியைக் கழற்றினார்.

நாகேந்திரத்தை என்னிடம் விட்டார்கள். பத்தொன்பது வருடம் ஓட்டியவருக்கு மூன்று பாடம் போதும் என்று நினைத்தேன். முதல் பாடத்துக்கு அவர் வீட்டு வாசலுக்குப் போனபோது, எல் ஒட்டிய காரைக் கண்டு கையை வீசி என்னைத் துரத்தினார். தெருமுனையில் நிறுத்தி இறங்கினேன். பின்னால் ஓடி வந்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. சம்பந்தி வீட்டார் கிங்ஸ்பரியிலை இருந்து வந்து நிக்கினம். மாப்பிள்ளையின்ரை தகப்பன் ஜன்னலடியிலைதான் இருக்கிறார்."

"அதுக்கென்ன?"

"ஊரிலை வான் வைச்சு ஓடினவர் எண்டெல்லே சொல்லி வைச்சிருக்கு. இப்ப எல் எழுத்தோடை கண்டா என்ன நினைப்பினம்?"

அன்றிலிருந்து சுப்பர்மார்க்கெட்டின் பின்பக்கத்தில் சந்தித்தோம். களவெடுத்த பொருளைக் கைமாற்றுகிறவர்கள் மாதிரி.

அவர் ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. வேகம் குறைக்க நினைத்தவுடன் இடது கால் கிளச்சை முழுதாக அமத்திவிடும். கை கியரை நடுவுக்குத் தள்ளிவிடும். வண்டி எஞ்சினின் பிடியில்லாமல் சும்மா உருளும். சோதனையில் அது பிழை. இறக்கத்தில் அது பெரும் பிழை. முதல் மணித்தியாலத்தில் முப்பத்தொரு தடவை அப்படி உருட்டினார்.

"கிளச்சை ஏன் இப்பவே மிதிக்கிறியள்?"

"அணைஞ்சு போகும் அண்ணை."

"இன்னும் இருபது மைல் வேகத்திலை போகுது. எப்பிடி அணையும்?"

"ஒரு காவலுக்குத்தான்."

"அணைஞ்சா அணையட்டுமன். திறப்பைத் திருப்பினா ஸ்ரார்ட் வரும்."

"எனக்குத் தெரியும் அண்ணை. உந்தக் காலுக்கெல்லே தெரியேல்லை."

காரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு விசாரித்தேன். போர் நடந்தபோது அரசு போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. நாகேந்திரத்தின் வான் மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் அதில் ஸ்ரார்ட் வராது. ஒரு மருந்துப் போத்திலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, மூடியைத் திறந்து, கார்பரேற்றருக்குள் சில துளி விட்டால்தான் எஞ்சின் பிடிக்கும். அந்தப் போத்தில் இருக்கைக்குக் கீழே, துணியால் சுற்றி, பிள்ளையைப் போல இருக்கும். வழியில் எஞ்சின் அணைந்தால் போத்திலைத் திறக்க வேண்டும். போத்தில் முடிந்தால் அந்த மாதம் முடிந்தது. ஆகவே அந்தக் காலத்துச் சாரதிகள் எஞ்சினை அணையவே விடமாட்டார்கள். சந்தி வருகிறதோ, மாடு நிற்கிறதோ, உடனே கிளச். யாழ்ப்பாணம் தட்டையான நிலம். அங்கே மேடு என்றால் வீதி திருத்தக் குவித்து வைத்த கல்தான். எஞ்சின் பிடியில்லாமல் உருண்டாலும் ஆபத்தில்லை. இங்கே விம்பிள்டன் ஹில் என்ற செங்குத்தான தெரு அப்படியல்ல.

நான் தடைக்கு முன்பே வெளிக்கிட்டவன். பயிற்றுநர் புத்தகத்தில் இந்த நோய்க்கு மருந்தும் கிடையாது.

முதல் சோதனை. நான் பின் இருக்கையில் இருந்தேன், அதற்கு அனுமதி உண்டு. சோதனை அதிகாரி உயரமான வெள்ளைக்காரப் பெண், மரியாதையானவர். பாதி நேரம் எல்லாம் சரியாகப் போனது. விம்பிள்டன் ஹில்லில் இறங்கத் தொடங்கியதும் கால் போய்க் கிளச்சில் குந்திக்கொண்டது. கீழே பாதசாரிக் கடவை. வண்டி வேகம் கூடுகிறது. கடைசியில் நாகேந்திரம் பிரேக் பிடித்து நிறுத்தினார். கடக்க வந்த பெண் ஓரடி பின்வாங்கினாள். அதிகாரியின் விரல் மடியிலிருந்த டப்லெட் திரையில் ஒரு தட்டுத் தட்டியது. எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

"நான் ஒருத்தரையும் இடிக்கேல்லையே அண்ணை" என்றார் நாகேந்திரம், திரும்பி வரும்போது.

"இடிச்சிருந்தா பொலிஸ் வந்திருக்கும். இது சோதனை."

லண்டனில் அடுத்த திகதி எடுப்பது பெரும் பாடு. யாரோ கைவிட்ட ஒன்றைப் பிடித்தோம். இந்த முறை கிளச்சைத் தொடவே கூடாது என்று வைராக்கியமாகப் போனார். தொடவில்லை. தொட வேண்டிய இடத்திலும் தொடவில்லை. மேர்ட்டன் பக்கம் ஒரு சந்தியில், நட்டநடுவில், எஞ்சின் அணைந்தது. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. திறப்பைத் திருப்பினால் போதும். நாகேந்திரம் திருப்பவில்லை. அவருடைய வலது கை மெல்லக் கீழே போய், இருக்கைக்கு அடியில் துழாவியது. எதைத் தேடுகிறது என்று பின்னால் இருந்த எனக்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரிய நியாயமில்லை. சமிக்ஞை விளக்கு இரண்டு முறை மாறியது.

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் எனக்கு ஒரு வழி பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை மிச்சம் ஊரின் தொழிற்பேட்டைத் தெரு வெறிச்சென்று கிடக்கும். அங்கே கூட்டிப்போய், "இண்டைக்கு ஓடத் தேவையில்லை. அணைக்கிறதுதான் வேலை" என்றேன்.

"என்னது?"

"கிளச்சைப் படாரெண்டு விடுங்கோ. அணையட்டும்."

"வண்டி பழுதாப் போகும் அண்ணை."

"என்ரை வண்டி. விடுங்கோ."

முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு விட்டார். கார் குதித்து அணைந்தது. அவர் கை இருக்கைக்கடிக்குப் போனது. அந்தக் கையைப் பிடித்துத் திறப்பில் வைத்தேன். எஞ்சின் பிடித்தது. திரும்பவும் அணைக்கச் சொன்னேன். திரும்பவும். பத்தாவது தடவை வியர்த்தார். இருபதுக்கு மேல் கை தானாகத் திறப்புக்குப் போகத் தொடங்கியது. முப்பத்துநாலாவது தடவை மனுசன் சிரிக்கத் தொடங்கினார்.

"உவ்வளவுக்கும் ஊரிலை எண்டா ஒரு வருசப் பெற்றோல் முடிஞ்சிருக்கும், அண்ணை."

"இன்னும் ஆறு."

நாற்பதில் நிறுத்தினோம். அதற்குப் பிறகு விம்பிள்டன் ஹில்லில் இரண்டாம் கியரில், கிளச்சைத் தொடாமல், எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்திருக்க, பூ மாதிரி இறங்கினார்.

மூன்றாவது சோதனையில் மூன்றே மூன்று சிறு பிழைகள். சித்தி. சோதனை நிலையத்தின் கார்த் தரிப்பிடத்தில் நின்றபடியே பாண் கொம்பனிக்குப் போன் எடுத்தார். நான் கதவைத் திறந்துவைத்து, எல் அட்டைகளைக் கழற்றிக்கொண்டு நின்றேன். ஆங்கிலத்தில் "யெஸ், யெஸ்" என்றார். பிறகு "ஐ அண்டர்ஸ்ராண்ட்" என்றார். வைத்துவிட்டார்.

"என்னவாம்?"

"போன கிழமை ஆள் எடுத்திட்டினமாம். காத்திருந்து பாத்தவையாம், ஏலாமப் போச்சாம். நல்ல மனுசன் அண்ணை, மூண்டு தரம் 'ஐ ஆம் சொறி' எண்டவர்."

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். டூட்டிங்கில் அலுவலகத்துக்குக் கீழே காரை நிறுத்தி இறங்கினோம். கிருபாகரன் போனும் கையுமாகப் படியிறங்கி வந்தார். சோதனை முடிவு எப்படியோ அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

"பாத்தியளோ நாகேந்திரம்? அப்பவே சொன்னனான். வாங்கோ, காருக்குக் கிட்ட நில்லுங்கோ. அந்தப் பேப்பரை நெஞ்சுக்கு நேரை பிடியுங்கோ. சிரியுங்கோ."

நாகேந்திரம் காரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். காலையில் இருந்து மனுசன் ஒன்றும் சாப்பிடவில்லை. விழுந்துவிடுவார் என்று பட்டது. பக்கத்தில் போய்த் தோளை இறுக்கிப் பிடித்தேன். அவர் சிரித்தார். சொன்னால் செய்கிற மனுசன். கிருபாகரன் படம் எடுத்தார்.

பின்னேரம் அது முகநூலில் வந்தது. என்னை வெட்டிவிட்டிருந்தார்கள். தோளில் ஒரு கை மட்டும் இருந்தது. மேலே பெரிய எழுத்தில்: "ஓட்டோமற்றிக்கிலிருந்து மனுவலுக்கு! ஏன் ஏலாது?" எடுத்துவிடும்படி நான் இரண்டு தடவை கேட்டேன். "நல்ல படம்தானே மாஸ்ரர், அவர் சந்தோசமாயெல்லே நிக்கிறார்" என்றார். நாகேந்திரத்திடம் சொன்னபோது, "விடுங்கோ அண்ணை, சம்பந்தி வீட்டார் பாத்துச் சந்தோசப்பட்டவை" என்றார். மகளின் கல்யாணம் நடந்தது. அவர் வேறொரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்குப் போனார். இன்றுவரை அங்கேதான். அந்த மனுவல் லைசென்ஸால் அவர் ஒரு மனுவல் வண்டியையும் ஓட்டியதில்லை. வீட்டில் இருக்கிற கார் ஓட்டோமற்றிக்.

படம் இன்னும் சுற்றுகிறது. போன கிழமை வட லண்டன் எட்மண்டனில் இருந்து முன்பின் தெரியாத ஒரு தகப்பன் போன் எடுத்தார். என் இலக்கத்தை யாரோ கொடுத்திருக்கிறார்கள். மகனை ஓட்டோமற்றிக்கில் விடப்போகிறாராம். எனக்கும் அதே படத்தை அனுப்பியிருந்தார்.

"இவர் மாத்தியிருக்கிறார்தானே, மாஸ்ரர்?"

"அந்தத் தோளிலை கிடக்கிற கையைப் பாத்தியளோ? அது என்ரை கை" என்றேன்.

"அப்பிடியோ! வாழ்த்துச் சொல்லுறியள்போலை."

"இல்லைத் தம்பி. அவர் விழுந்துபோவார் எண்டு பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

வேலை நேரத்தில் எடுத்திருக்கிறார்போல, பின்னால் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது.

"அது சரி மாஸ்ரர். ஒரு சொல்லிலை சொல்லுங்கோவன். பிறகு மாத்தலாமோ, ஏலாதோ?"

ஏலாது என்று சொன்னால் அது பொய்.

"மாத்தலாம். ஆனா..." என்று தொடங்கினேன்.

"சந்தோசம், நன்றி மாஸ்ரர்" என்று வைத்துவிட்டார்.